இரண்டு மணி நேரம் தாமதம்

1

இந்தக் கதை ஒரு மௌனத்தில் இருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் ஊர் டோர்வாலில் பள்ளிக் குழு மாதம் ஒருமுறை உயர்நிலைப் பள்ளி நூலகத்தில் கூடும். அந்த நூலகத்தில் வேலை செய்கிறவன் என்பதால் நாற்காலிகளை எடுத்துப் போடுவது என் பொறுப்பு. போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். கூட்டத்தின் தொடக்கத்தில் ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் ஒலிவாங்கி முன்னால் வந்து நின்று மூன்று நிமிடம் பேசலாம். குழு கேட்டுக்கொள்ளும்; பதில் சொல்லாது. வழக்கமாக யாராவது வந்து கூடைப்பந்துப் பயிற்சியாளரைத் திட்டிவிட்டுப் போவார்கள்.

பிப்ரவரிக் கூட்டத்தில் ட்ரீனா வோல்ட் எழுந்து வந்தாள். வான்கோழி ஆலையில் இறைச்சி வெட்டுகிறவள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பெயரைச் சொன்னாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

மேசை மேல் இருந்த, நேரம் குறைவதை நிறத்தால் காட்டும் சின்னக் கடிகாரம் பச்சையில் இருந்து மஞ்சளுக்கும், மஞ்சளில் இருந்து சிவப்புக்கும் மாறியது. அவள் அழவில்லை. யாரையும் முறைக்கவில்லை. சொல்ல வந்ததை மறந்துவிட்டவள் போலவும் தெரியவில்லை. குழுவினர் ஒவ்வொருவராகத் தங்கள் முன்னால் இருந்த தாள்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். பள்ளி வட்டாரத்தின் கண்காணிப்பாளர் அர்டிஸ் குவாமி மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நன்றி, ட்ரீனா,” என்றார் குழுத் தலைவர், எல்லோருக்கும் சொல்கிற அதே குரலில். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

அந்த மூன்று நிமிடத்துக்குள் என்ன இருந்தது என்று எழுதிப் பார்க்கிறேன். அதற்கு எனக்கு என்ன உரிமை என்று கேட்டால் பதில் இல்லை.

2

தொடக்கங்கள்.

முதலாவது: “அன்று காலை குளிர் டோர்வாலின் கழுத்தைப் பிடித்து”

(நிறுத்திவிட்டேன். குளிருக்குக் கை கிடையாது. இத்தனை வருடம் இங்கே இருந்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: குளிர் வந்து யாரையும் எதுவும் செய்வதில்லை. நம்மிடம் இருக்கிற சூடு வெளியே போகிறது. போகிற வழியை அடைக்க யாராவது இருந்தால் பிழைக்கிறோம்.)

இரண்டாவது: “அர்டிஸ் குவாமி ஈவிரக்கமில்லாத பெண்மணி.”

(பொய். இதைப் பற்றி அடுத்த பகுதியில்.)

மூன்றாவது: “டெஸ்ஸா வோல்டுக்கு ஏழு வயது. ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, விடியும் முன், பூட்டிய பள்ளிக் கதவின் முன்னால், மைனஸ் நாற்பதில் அவள் தனியாக நின்றாள். உள்ளே ஒருவரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. அவள் இன்னும் வெளியே நிற்கிறாள் என்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.”

இதுதான் நேர்மையான தொடக்கம். ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு குழந்தையின் உயிரைத் தூண்டிலில் புழுப் போலக் கோத்து உங்கள் முன்னால் ஆட்டுவதாகத் தோன்றுகிறது. அந்த வரிகளை அடிக்கப் போனேன். அடிக்கவில்லை. எதற்காகப் படிக்கிறோம் என்று தெரியாமல் நீங்கள் படிப்பது அதைவிட மோசம். ஆகவே இருக்கட்டும்: அவள் பிழைத்தாளா என்பதுதான் கேள்வி. மற்றதெல்லாம் அந்தக் கதவு ஏன் பூட்டியிருந்தது என்பதற்கான விவரம்.

(மைனஸ் நாற்பது என்பது ஃபாரன்ஹீட்டா செல்சியஸா என்று கேட்காதீர்கள். அந்த ஒரு புள்ளியில் இரண்டும் ஒன்று.)

3

எனக்கு ஒரு வில்லி தேவைப்பட்டார். பள்ளியைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுப்பது கண்காணிப்பாளர்தான். அவரைப் பிடித்துக்கொண்டால் கதை தானாக ஓடும் என்று நினைத்தேன். முதல் பிரதியில் அர்டிஸுக்கு மெல்லிய உதடுகள் கொடுத்தேன். கதகதப்பான படுக்கையறையும், படுத்தபடியே ஒரு பொத்தானை அழுத்துகிற விரலும் கொடுத்தேன்.

உண்மையில் நடப்பது வேறு என்பது ஊருக்கே தெரியும். கடுங்குளிர் நாட்களில் அர்டிஸ் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, சொந்த வண்டியை எடுத்துக்கொண்டு, பள்ளிப் பேருந்துகள் போகிற மண் சாலைகளில் ஓட்டிப் பார்ப்பார். வானிலைச் செய்தி சொல்வது விமான நிலையத்துக் குளிர். பிள்ளைகள் நிற்பது பீட்ரூட் வயல் ஓரத்தில். ஆகவே சில நிறுத்தங்களில் இறங்கி, ஒரு பிள்ளை நிற்கிற அளவு நேரம் தானும் நிற்பார். ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு நிற்பாராம். கேட்டதற்கு, “எந்தப் பிள்ளைகிட்ட ரெண்டு கையுறையும் ஒண்ணா இருந்து நீங்க பாத்திருக்கீங்க?” என்றாராம்.

இப்படிப்பட்டவரை வில்லியாக்க என்னால் முடியவில்லை. உதடுகளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் இதே போன்ற ஒரு காலையில் அவர் பள்ளியை மூடினார். பகலில் வெயில் அடித்தது. காபிக் கடையில் அன்று முழுக்க இதே பேச்சு.

“நாங்கல்லாம் இதைவிடக் குளிர்ல நடந்தே போனோம்.”

“நீ எங்கடா போன? எட்டாங் கிளாஸோட நின்னவன்தானே.”

“அந்த எட்டு வருசமும் நடந்தேன்ல!”

போன குளிர்காலத்தில் அவர் திறந்தார். ஒரு பேருந்து வழியில் நின்றுவிட, நிறுத்தத்தில் காத்திருந்த ஒரு பையனுக்குக் காது மடல் குளிரில் உறைந்து கறுத்துப்போனது. அவன் அப்பா அந்தக் காதைப் படமெடுத்து, பெரிதாக அச்சிட்டு, அர்டிஸின் மேசையில் வைத்தார். “ஃப்ரேம் போட்டு மாட்டுங்க மேடம். அடுத்த தடவை முடிவெடுக்கிறப்ப பாத்துக்கலாம்.”

அர்டிஸ் ஃப்ரேம் போடவில்லை. ஆனால் எடுத்து வைத்துக்கொண்டார். மேசை இழுப்பறையில் இன்னும் இருப்பதாக அவர் உதவியாளர் சொன்னார்.

(இந்தக் காதை நான் உண்டாக்கவில்லை. கற்பனையாக இருந்திருந்தால் விரல் என்று எழுதியிருப்பேன்.)

4

இங்கிருந்து நான் பார்க்காதது. அந்தத் திங்கட்கிழமை நான் போர்வைக்குள் இருந்தேன்.

ஊரின் கிழக்கு எல்லையில் பேருந்துக் கொட்டடி. அர்டிஸ் சாலைகளைப் பார்த்துவிட்டு அங்கே வருகிறார். காற்று சுத்தமாக விழுந்துவிட்டது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பேருந்துகளின் பொறுப்பாளர் டெல்வின் ராவ்ஷ் ஒரு வண்டியின் மூக்கைத் திறந்துவைத்து அதற்குள் தலையை விட்டிருக்கிறார். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதைப் போல இங்கே டீசல் உறையும்.

“ஒம்பதாம் நம்பர் செத்துப்போச்சு, மேடம். நாலாம் நம்பர் இருமுது. மத்ததெல்லாம் என்னை மாதிரி. திட்டினா எழுந்திரிக்கும்.”

“எவ்வளவு நேரம் திட்டணும்?”

“சூரியன் வர்ற வரைக்கும்.”

“அப்ப மூடிரலாமா, டெல்வின்?”

“நான் வண்டியப் பத்திதான் சொல்வேன். பிள்ளைங்களப் பத்தி நீங்கதான் சொல்லணும். அதுக்குத்தானே உங்களுக்கு நல்ல நாற்காலி குடுத்து வச்சிருக்கு.”

“ஒருநாள் அதுல நீங்க உக்காந்து பாருங்களேன்.”

“வேணாம் தாயே. எனக்கு ஏற்கெனவே முதுகுவலி.”

அர்டிஸ் சிரிக்கவில்லை. (சிரித்தார் என்று எழுதி அடித்திருக்கிறேன்.)

“இன்னைக்குத் திங்கக்கிழமை,” என்றார். “வெள்ளிக்கிழமை மத்தியானம் நம்ம கேன்டீன்ல சாப்பிட்டதுதான் கடைசி நல்ல சாப்பாடுன்னு இருக்கிற பிள்ளைங்க எத்தனை தெரியுமா? மூடினா நாளைக்கு வரைக்கும் அதுங்க பச்சைத் தண்ணிதான்.”

“அப்பத் திறங்க.”

“திறந்தா இன்னொரு காது.”

டெல்வின் மறுபடி வண்டியின் மூக்குக்குள் தலையை விட்டுக்கொண்டார். கொட்டடிக்குள் ஒரே ஒரு எஞ்சின் ஓடுகிறது. அதன் புகை மேலே போகாமல் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது.

“ரெண்டு மணி நேரம் தள்ளி வச்சா?” என்றார் அர்டிஸ்.

“ரெண்டு மணி நேரம் குடுத்தா எல்லா வண்டியும் வந்துரும். ஒம்பதைத் தவிர. அதுக்கு இனி ஜெபம்தான்.”

மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. வழக்கமான நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பள்ளி. வெளிச்சம் வந்திருக்கும், வண்டிகள் ஓடும், பசித்த பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடாவது கிடைக்கும். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். நீங்களும்தான்.

5

முடிவெடுத்ததும் அர்டிஸ் முதலில் கூப்பிட்டது லோயிஸை. லோயிஸ், தொடக்கப் பள்ளியின் சமையல்காரர். பள்ளிக்கு முதலில் வந்து, சீக்கிரமே வந்துவிடும் பிள்ளைகளுக்காகக் காலை உணவுக் கூடத்தின் பின்கதவைத் திறக்கிறவர்.

“வீட்டுலயே இரும்மா லோயிஸ். ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்தாப் போதும்.”

“அப்பாடா. என் கார் கதவே திறக்கல. வீட்டுக்குள்ள இருந்து ஹேர் டிரையருக்கு நீளமா ஒயர் இழுத்து ஊதிக்கிட்டு இருக்கேன். புருசன் ஜன்னல்ல நின்னு சிரிக்கிறான்.”

“அவரை வந்து ஊதச் சொல்லு.”

“அவன் ஊதினா சாராய வாசனையில பூட்டு தானாத் திறந்துக்கும்.”

முதலில் ஊழியர்களுக்குச் சொல்வது எங்கள் வட்டாரத்தின் பழக்கம். அவர்கள்தான் எல்லோருக்கும் முன்னால் சாலையில் இறங்குகிறவர்கள். அவர்களை முதலில் வீட்டில் நிறுத்த வேண்டும். நல்ல பழக்கம். அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து பெற்றோர். கண்காணிப்பாளரின் குரலைப் பதிவு செய்து எல்லா வீட்டுத் தொலைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு பழக்கம் உண்டு. அதுவும் நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தோம். பக்கத்து வட்டாரக் கண்காணிப்பாளரோடு பேசி, இரண்டு ஊரும் ஒரே முடிவைச் சொல்வது. யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். முதலில் சொல்கிறவர் பயந்தாங்கொள்ளி.

பக்கத்து வட்டாரத்துக்காரர் பெயர் கெர்மிட்.

“என்னம்மா அர்டிஸ், உங்க ஊர் எப்படி?”

“உங்க ஊர் மாதிரிதான், கெர்மிட். ஒரே வானம்தானே.”

“மூடுறீங்களா?”

“நீங்க?”

“நான்தான் முதல்ல கேட்டேன்.”

“ரெண்டு மணி நேரம் தள்ளலாம்னு இருக்கேன். ஆனா நான் மட்டும் தள்ளினா, கெர்மிட் ஊர்ப் பிள்ளைங்க இரும்பு, நம்ம ஊர்ப் பிள்ளைங்க வெண்ணெயான்னு கேப்பாங்க.”

“நான் மட்டும் தள்ளினா அதே வெண்ணெயை என் தலையில வச்சு வெயில்ல நிக்க வைப்பாங்க. வெயில் எங்க இருக்குங்கறீங்களா? அதுக்காகவே வரும் பாருங்க, மத்தியானம்.”

“சீக்கிரம் சொல்லுங்க கெர்மிட். நேரமாகுது.”

“என் பஸ்காரனை ஒரு வார்த்தை கேட்டுட்டு, ஒரு வாய் காபி குடிச்சிட்டுக் கூப்பிடுறேன்.”

அர்டிஸ் வண்டிக்குள் உட்கார்ந்து காத்திருந்தார். மடியில் தொலைபேசி. அறிவிப்பு பதிவாகித் தயாராக இருந்தது. அனுப்பவில்லை.

(முதல் பிரதியில் அவர் வண்டியைத் தொடக்கப் பள்ளியின் முன்வாசலிலேயே நிறுத்தியிருந்தேன். பின்வாசலில் குழந்தை, முன்வாசலில் அவர், நடுவில் ஒரே கட்டடம். கதைக்காரனின் ஆசை அது. எடுத்துவிட்டேன். அவர் ஊரின் கிழக்கு எல்லையில் இருந்தார், பள்ளி மேற்கில். அப்படி இருப்பது இன்னும் சாதாரணமானது.)

கெர்மிட்டின் காபி எவ்வளவு நேரம் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. லோயிஸ் ஹேர் டிரையரைச் சுருட்டி வைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிற அளவு நேரம். ஊரின் மேற்குக் கோடியில் சக்கரம் வைத்த வண்டி வீடுகள் வரிசையாக நிற்கும் இடத்தில், ஒரு தாய் தன் மகளுக்கு இரண்டாவது காலுறையை மாட்டி, காரைக் கிளப்பி, பள்ளிக்கு ஓட்டி வருகிற அளவு நேரம்.

6

காருக்குள். இதையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

“மூச்சு விட்டா மூக்குக்குள்ள ஒட்டுதும்மா.”

“மப்ளரை மேல இழுத்துக்கோ. அதுக்குத்தானே குடுத்திருக்கு.”

“இதுல நேத்து சூப்பு வாசனை அடிக்குது.”

“அப்பப் பசியாவது எடுக்கும். இன்னைக்கு லோயிஸ் என்ன போடுவாங்க?”

“திங்கக்கிழமைன்னா பான்கேக். எல்லாருக்கும் ரெண்டு. நான் கேட்டா மூணு.”

“வெக்கங்கெட்ட கழுதை.”

“நீதானம்மா கேக்கச் சொன்ன!”

ட்ரீனா சிரித்தாள். பின்வாசலில் கார் நின்றது. கதவுக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது தினமும் தானாக எரிகிற விளக்கு. கூரையில் இருந்து வெள்ளையாக ஆவி போய்க்கொண்டிருந்தது. கொதிகலன் இரவெல்லாம் ஓடும், இல்லாவிட்டால் குழாய்கள் வெடித்துவிடும். வெளிச்சமும் ஆவியும் இருக்கிற கட்டடத்தில் ஆள் இருப்பதாகத்தான் யாரும் நினைப்பார்கள்.

“இன்னும் திறக்கலையே.”

“இப்பத் திறப்பாங்கம்மா. நீ போ. லேட்டானா உனக்குப் பாயிண்ட் போட்ருவாங்கல்ல.”

ஏழு வயதுப் பெண்ணுக்குப் பாயிண்ட் தெரிந்திருந்தது. ஆலையில் தாமதமாக வந்தால் ஒரு பாயிண்ட். பாயிண்ட்கள் சேர்ந்தால் வேலை போய்விடும். ட்ரீனாவின் கணக்கில் இன்னும் ஒன்றுக்குத்தான் இடமிருந்தது.

“கதவு திறக்கிற வரைக்கும் இங்கயே இருக்கணும். எங்கயும் போகக் கூடாது. சரியா குட்டி?”

“தெரியும்மா.”

கார் போனது.

(நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். அந்தக் குளிரில் ஒரு தாய் கதவு திறக்கும் வரை ஏன் காத்திருக்கவில்லை? ஊரில் எல்லோரும் கேட்டார்கள். காபிக் கடையில் கேட்டார்கள், தேவாலயத்தில் கேட்டார்கள், ட்ரீனாவின் முகத்துக்கு நேராக மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் ஒரு பத்தி எழுதி அவளுக்காக வாதாடியிருந்தேன். செப்டம்பரில் இருந்து அந்தக் கதவு ஒருநாள் தவறாமல் திறந்தது என்றும், ஆலை வாசலில் கைத்தொலைபேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும் என்றும், அப்போது வரை எந்த அறிவிப்பும் வந்திருக்கவில்லை என்றும். எல்லாம் உண்மை. ஆனால் வாதாடுவதே அவள் மேல் குற்றம் இருப்பதாக ஒப்புக்கொள்வது போல இருந்தது. பத்தியை எடுத்துவிட்டேன். அதன் எலும்பு மட்டும் இங்கே கிடக்கிறது.)

7

கெர்மிட் கூப்பிட்டார். இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அர்டிஸ் பொத்தானை அழுத்தினார். “காலை வணக்கம், டோர்வால் குடும்பங்களே. கடுங்குளிர் காரணமாக இன்று நம் பள்ளிகள் இரண்டு மணி நேரம் தாமதமாக” என்று அவர் குரல் ஊரெல்லாம் ஒலித்தது. ஆலையின் இரும்பு லாக்கருக்குள், ஒரு சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்திலும் ஒலித்தது.

இனி டெஸ்ஸா.

உங்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். எனக்கு வந்தது. பள்ளியின் பின்வாசலுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு பெட்ரோல் நிலையம் இருக்கிறது. இரவு பகல் திறந்திருக்கும். உள்ளே காபி, டோனட், சூடு, மனிதர்கள். அன்று பனிப்புயல் இல்லை. எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. கை கால் மரத்துப்போகத் தொடங்கியதும் ஒரு குழந்தை சாலையைக் கடந்து அந்த வெளிச்சத்துக்குப் போயிருக்கலாமே? ஏன் போகவில்லை?

இந்தக் கேள்விக்கான பதிலை நான் உண்டாக்கத் தேவையிருக்கவில்லை. பக்கத்தில் இருக்கிற தொடக்கப் பள்ளியில் நடப்பதை ஒவ்வொரு அக்டோபரிலும் என் நூலக ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

முதல் பனி விழுவதற்கு முன்னால் சின்னப் பிள்ளைகளை வெளியே கூட்டிவந்து ஒரு பயிற்சி கொடுப்பார்கள். இந்தச் சமவெளியில் புயலடித்தால் நீட்டிய கை தெரியாது. வீட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் வழி தவறிச் செத்தவர்கள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது உண்டு. ஆகவே பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு உள்ளங்கையைப் பள்ளிச் சுவரில் வைக்கச் சொல்வார்கள். ஆசிரியர் கேட்பார்: “வெளிய மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்?”

“சுவரை விடக் கூடாது!”

“ஏன் விடக் கூடாது?”

“தேடி வர்றவங்க சுவருக்குத்தான் முதல்ல வருவாங்க!”

“தூரத்துல வெளிச்சம் தெரிஞ்சா?”

“போகக் கூடாது!”

சின்னத் தொப்பிகளும் செங்கல்லில் பதிந்த உள்ளங்கைகளுமாக நீளமான வரிசை. சிலர் கண்ணைத் திருட்டுத்தனமாகத் திறந்து பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுவார்கள். டெஸ்ஸா கிள்ளுகிறவள் இல்லை. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறவள். சொல்லிக் கொடுத்ததைச் சரியாகச் செய்கிறவள்.

அந்தப் பாடம் இந்த ஊரில் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எதைச் சொல்ல வேண்டும் என்றும் எனக்குத் தெரியவில்லை. அந்தத் திங்கட்கிழமை அவள் பள்ளி கற்றுக்கொடுத்தபடி, அம்மா சொன்னபடி, சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். செங்கல் அவள் கையுறை வழியாகச் சூட்டை மெதுவாக

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

8

முடிவுகள். மூன்று எழுதினேன்.

ஒன்று. டெல்வின் நாலாம் நம்பர் பேருந்தின் இருமல் நின்றுவிட்டதா என்று பார்க்க ஒரு சுற்று ஓட்டிவருகிறார். பள்ளியின் பின்புறம் வருகிறார். வண்டியின் விளக்கொளி சுவரோரம் ஒரு சின்ன ஊதா நிறக் குளிர்ச்சட்டையின் மேல் விழுகிறது. “அடக் கடவுளே” என்று பிரேக்கை மிதிக்கிறார். அவளைத் தூக்கிக்கொண்டு போய் எஞ்சின் சூட்டில் உட்கார வைத்து, தன் சட்டைக்குள் அவள் கைகளை விட்டுக்கொள்கிறார். “என்னடி பொண்ணு, பஸ் ஸ்டாப்பைத் தப்பா எடுத்துட்டியா?” என்கிறார், குரல் நடுங்க. இதை எழுதி முடித்ததும் அழுதுவிட்டேன். மறுநாள் படித்துப் பார்த்தேன். இந்த முடிவில் டெல்வினுக்கு ஒரு பாராட்டுப் பலகை கிடைக்கிறது, அடுத்த கூட்டத்தில் எல்லோரும் மறுபடி கூடைப்பந்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். கிழித்துப் போட்டேன்.

இரண்டு. பெட்ரோல் நிலையத்தில் ஒரு லாரிக்காரர் காபி ஊற்றிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறார். பள்ளிக் கதவில் ஒரு குழந்தை நிற்கிறது. பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறார். பள்ளிக் கதவில் குழந்தை நிற்பதில் பயப்பட என்ன இருக்கிறது? உலகத்தில் அதைவிட இயல்பான காட்சி எது? அவர் குவளையின் மூடியை அழுத்தி மூடுகிறார், பிறகு

இதற்கு மேல் போகவில்லை. நாலு தடவை முயன்றேன்.

மூன்று. ஆலையில் உடை மாற்றும்போது ட்ரீனா எதையோ மறந்துவிட்டு லாக்கருக்குத் திரும்புகிறாள். உள்ளே தொலைபேசி அதிர்கிறது. அர்டிஸின் குரலை முழுதாகக் கேட்கக்கூட நிற்காமல், வெள்ளை மேலங்கியோடு, கத்தி உறையோடு, ஓடுகிறாள். மேற்பார்வையாளர் பின்னால் கத்துகிறார். பாயிண்ட் விழுகிறது. விழட்டும். சிவப்பு விளக்குகளைத் தாண்டி ஓட்டி வருகிறாள். பின்வாசலில் திரும்புகிறாள். அவள் என்ன பார்க்கிறாள் என்று எழுத வேண்டிய வரியில் என் பேனா நின்றது. நான் எதை எழுதினாலும் அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிட்டவன் ஆகிறேன். அது கூடாது என்று பட்டது.

உண்மையில் என்ன நடந்தது என்று டோர்வாலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சொல்ல மாட்டேன். அதைச் சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் எழுந்து வந்து நின்றும் சொல்லாமல் போனதை நான் எப்படிச் சொல்வது?

9

ஆகவே கதையில் இன்னும் விடியவில்லை.

டெஸ்ஸா சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் அடுத்த வரியை எழுதாததால் உயிரோடு நிற்கிறாள். இப்படியே எத்தனை நேரம் வைத்திருக்க முடியும் என்று தெரியவில்லை. தாளில் கூடக் குளிரும்.

நீங்கள் பெட்ரோல் நிலையத்துப் பக்கம் நில்லுங்கள். அங்கேதான் உங்களுக்கு இடம் வைத்திருக்கிறேன். காபிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வாருங்கள். மூக்குக்குள் மூச்சு ஒட்டும், பரவாயில்லை. கூப்பிடுங்கள். “பாப்பா, இங்க வா, உள்ள சூடா இருக்கு,” என்று சொல்லிப் பாருங்கள்.

அவள் தலையைத் திருப்புவாள். உங்களைப் பார்ப்பாள். வர மாட்டாள். நீங்கள் தெரியாத ஆள். தெரியாத ஆள் கூப்பிட்டால் போகக் கூடாது என்பதும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

லோயிஸ் சொன்னதாகச் சொல்லிப் பார்க்கலாம். நம்பலாம், நம்பாமலும் போகலாம். அம்மா சொன்னதாகச் சொன்னால் நம்ப மாட்டாள். அம்மா சொன்னதைத்தான் அவள் செய்துகொண்டிருக்கிறாள். அவசரத் தொலைபேசியில் கூப்பிடலாம். கூப்பிடுங்கள், வருவார்கள், ஊரின் அந்தக் கோடியில் இருந்து. கத்திக்கொண்டே இருக்கலாம். சுவரை விடு, தாயி, விட்டுவிட்டு வா, இன்றைக்கு மட்டும் விடலாம், யாரும் திட்ட மாட்டார்கள் என்று. அவள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். கையை எடுக்க மாட்டாள்.

அப்புறம் நீங்கள்தான் அங்கே போக வேண்டும். சாலையில் இரண்டு பக்கமும் வண்டி எதுவும் வரவில்லை.